இடுப்பு உயரத்தில் ஓர் ஆணி

போன தை மாதம் எங்கள் மர அறுவை மெஷினை விற்றுவிட்டோம். வாங்கியவர் ஆரப்பாளையம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர், என்னைவிட வயதில் சின்னவர். மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றி முடிக்கிற வரை அவர் கண் என் கைகள் மேலேயே இருந்தது. கடைசியில் கேட்டே விட்டார்.

"கோவிச்சுக்காதீகக்கா. இம்புட்டு வருசம் ரம்பத்துக்கிட்ட நின்னும் பத்து வெரலும் அப்பிடியே இருக்கு. எங்க பட்டறையில ஆளுக்கு ஒண்ணு ரெண்டு கொறையும். எப்பிடி?"

"எங்க மதினி போட்ட சட்டம், தம்பி," என்றேன்.

அந்தச் சட்டத்தைத் தன் ஆட்களுக்கு வந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். சட்டம் ஒரு வரிதான். அதை ஏன் போட்டார் என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. மதினி காலமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. என் மகள் மலரிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் நிலம் திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே, கண்மாயை ஒட்டிய மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். ஆக, பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். ஊரே அந்த மரத்தைத் திட்டும். எங்களுக்குச் சோறு போட்டதே அதுதான். வெட்டினால் ஆறேழு தூர் விட்டு மறுபடி வரும். நிலத்தை வரப்புப் போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் வெட்டும்போது மறுபக்கம் வளரவிடுவோம். விறகு ஹோட்டலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போகும். ஓரங்களில் நின்ற வேம்பு, வாகை, புளி இதெல்லாம் பலகைக்கு. அதற்காக என் மாமனார் காலத்தில் இரண்டு சக்கரங்களில் பெல்ட் போல ஓடும் பட்டை ரம்பம் ஒன்று வாங்கிக் கொட்டகை போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துக்காரர்களும் தங்கள் மரத்தைக் கொண்டுவந்து அறுத்துப் போவார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குக் கோடாலியைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது. முள் குத்திச் சீழ் வைத்தது, உள்ளங்கை கொப்பளித்தது, பிறகு பழகிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

சொல்ல வேண்டியது மதினியைப் பற்றித்தான். என் வீட்டுக்காரருக்கு அக்கா. பெயர் வெள்ளத்தாயி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாமனார் போன பிறகு கொட்டகைக்கு அவர்தான் எல்லாம். என் வீட்டுக்காரர் வண்டியில் விறகு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விடுவார். மதினி சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, கையை முழங்கைக்கு மேல் மடித்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாரென்றால் ஆண்கள்கூடப் பீடியை அணைத்துவிடுவார்கள். அதிகம் பேச மாட்டார். நன்றாகச் செய்தாய் என்று ஒரு நாளும் யாரையும் சொன்னதில்லை. அவர் திட்டாமல் போனால் அன்றைக்கு வேலை சரி என்று அர்த்தம்.

வெட்டிய அடிமரத்தைத் தடி என்போம். தடி எதுவானாலும் நேராக ரம்பத்துக்குப் போகாது. முதலில் பட்டையை உரிக்க வேண்டும். பிறகு கோடாலியின் பின்பக்கத்தால் தலை முதல் வால் வரை தட்டிக்கொண்டே வர வேண்டும். அதன்பின் வெட்டுமுகத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்க்க வேண்டும். மரத்துக்குள் இரும்பு இருந்தால் அதைச் சுற்றி மை கொட்டியது போலக் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு நாரோடு மேலும் கீழும் ஓடி வெட்டுமுகத்தில் ஒரு புள்ளியாக வந்து நிற்கும். தெருவோர மரங்களில் விளம்பரத் தகடு அடித்த ஆணி, வேலிக் கம்பி, மாடு கட்டிய வளையம் என்று ஏதாவது இருக்கும். மரம் அதையெல்லாம் விழுங்கி வெளியே ஒன்றும் தெரியாமல் நிற்கும். ஓடுகிற ரம்பம் அதில் பட்டால் இரும்புப் பட்டை அறுந்து சாட்டையாகச் சுழன்று வரும். யார் கழுத்தில் விழும் என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் எந்தப் பட்டறையிலும் உண்டு. எங்கள் மதினியின் சட்டம் வேறு. ஸ்டார்ட்டர் பெட்டியை இருந்த இடத்திலிருந்து கழற்றி, தான் நின்று தடியைத் தள்ளும் இடத்துக்குப் பக்கத்துத் தூணில் மாட்டியிருந்தார். அங்கே என்னை நிறுத்தினார்.

"ஒரு கை செவப்புப் பொத்தான்ல இருக்கணும். இன்னொரு கை என் சட்டைய எட்டணும். மரத்தப் பாக்காத, ரம்பத்தப் பாக்காத. என் மூஞ்சிய மட்டும் பாரு. மூஞ்சி மாறுச்சுன்னா அமுக்கு, என்னையப் பின்னால இழு. சக்கரம் ஒடனே நிக்காது, அதுனால இழுக்குறதுதான் முக்கியம்."

"மூஞ்சி மாறுச்சுன்னான்னா என்ன மதினி?"

"மாறுனாத் தெரியும்."

எனக்குக் கோபம் கோபமாக வரும். பெரிய ராணி, மூஞ்சியைப் பார்க்க ஓர் ஆளா என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். எதிரே பலகையை வாங்கும் மாயாண்டி என்னைப் பார்த்துச் சிரிப்பான். ஆனால் நான் தள்ளும் நாட்களில் அவரும் தூணருகே நின்று என் முகத்தையேதான் பார்ப்பார். பேச்சு, வெற்றிலை, எதுவும் கிடையாது. என் விரல்கள் தப்பித்தது அப்படித்தான். களைத்துக் கண் சொருகினால் எனக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்து மெஷின் நின்றுவிடும்.

வேறு சில வழக்கங்களும் அவருக்கு இருந்தன. பொழுது சாய்ந்தால் படுத்துவிடுவார். திருவிழா என்றாலும் கண் விழிக்க மாட்டார். கிணற்றுமேட்டுக்குப் போக மாட்டார். மாதம் ஒருமுறை மீனாட்சி கோயிலுக்கு என்று மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார், குங்குமத்தோடு திரும்புவார். தனி ஆள், கோயில் குளம் என்று இருக்கிறார் என நினைத்துக்கொள்வோம்.

ஒரே ஒரு முறை அவர் முகம் மாறியது. வாகைத்தடி பாதி போயிருந்தது. கண் ஓரிடத்தில் குத்திட்டு நின்றது. வாய் எதையோ மெல்லுவது போல அசைந்தது. கை தள்ளிக்கொண்டே இருந்தது. நான் பொத்தானை அமுக்கிச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மரத்தூளில் விழுந்தோம். எழுந்தவர் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "பலகை எத்தனை தேறும்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன்," என்றார். நான் நம்பினேன். அப்படிக் கணக்குப் போடுகிற ஆள்தான் அவர்.

மலர் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துப் பிரேயர் வரிசையில் வலிப்பு வந்து விழுந்தாள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இது நரம்பு சம்பந்தப்பட்டது, தினமும் மாத்திரை, ஒரு வேளையும் தவறக்கூடாது, நன்றாகத் தூங்க வேண்டும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று இரண்டு முறை சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மருந்து எடுத்தும் சில வாரத்தில் இன்னொரு தடவை வந்தது. அதோடு என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை போய்விட்டது.

அவருடைய சித்தப்பா கோடாங்கியைப் பார்க்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் உடுக்கை அடித்துப் பேய் ஓட்டுகிறவரைக் கோடாங்கி என்போம். அவர் மலர் மேல் பேய் இருப்பதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமை காலை கூட்டிவரச் சொல்லிவிட்டார். புளியமரத்தில் ஆணி அடித்து இறக்கிவிடலாம், இறக்கிய பிறகு மாத்திரை கூடாது, இரண்டும் ஒன்றாகச் சேராது என்றாராம்.

நான் கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். என் வீட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை. பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தார். அதனால்தான் பயமாக இருந்தது. என்னைப் பாண்டி என்றுதான் கூப்பிடுவார்.

"எங்க வீட்டுலயே ஒருத்தருக்கு ஆணி அடிச்சுத்தான் நின்னுச்சு, பாண்டி. எங்கப்பா இருந்து செஞ்சாரு. அதுக்கப்பறம் ஒரு தடவ வந்ததில்ல. இதுக்கு மேல என்ன வேணும்?"

"யாருக்கு?"

"பழைய ஆளுக பேச்சு இப்ப எதுக்கு," என்று எழுந்து போய்விட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மதினி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. சாப்பாட்டை வீணாக்குகிற ஆள் இல்லை அவர்.

அந்த ஆடிக் காற்றில் எங்கள் நிலத்து மூலைப் புளியமரம் பிளந்து மின்கம்பி மேல் சாய்ந்து நின்றது. இனி வைத்திருக்க முடியாது என்று தரையோடு தரையாக அறுத்துச் சாய்த்தோம். கிளைகள் விறகுக்கு. அடித்தடிக்கு ஆரப்பாளையத்துக் கறிக்கடைக்காரர் சொல்லி வைத்திருந்தார். ஆட்டுக்கறி வெட்டப் புளியங்கட்டைக்கு ஈடு கிடையாது, கத்தி பட்டுச் சிராய் பெயராது. புதன்கிழமை காலை மதினி மஞ்சள் பையோடு டவுனுக்குப் போயிருந்தார். மாயாண்டியும் நானும் தடியைச் சோதிக்க ஆரம்பித்தோம்.

பட்டை உரித்தாயிற்று. வெட்டுமுகத்தைக் கழுவியதும் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நாரைப் பிடித்துக்கொண்டே போய் உளி வைத்துத் திறந்தோம். ஆள் உயரத்தில் இரண்டு நீள ஆணிகள். துருவைத் தவிர ஒன்றுமில்லை. மூன்றாவதைத் திறந்தபோது மாயாண்டி உளியைக் கீழே போட்டான்.

ஆணியில் முடி சுற்றியிருந்தது. மரம் மூடிக் காற்றுப் படாமல் வைத்திருந்ததால் மக்கவில்லை. கறுகறுவென்று, நேற்று வெட்டியது போல இருந்தது.

"பேயாணிக்கா. நான் தொட மாட்டேன். புடுங்குனா எறங்குனது திரும்ப ஏறிக்கிரும்," என்று பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

ஆணி அடிக்கிற முறை எனக்குத் தெரியும். பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிறவரை மரத்தோடு முதுகை ஒட்டி நிறுத்துவார்கள். உச்சி முடியில் ஒரு கொத்தை எடுத்து ஆணியில் சுற்றி, தலைக்கு மேலேயே மரத்தில் இறக்கிவிட்டு, முடியை அறுத்து ஆளை விடுவிப்பார்கள். ஆக, ஆணி இருக்கிற உயரம்தான் ஆளின் உயரம். மரம் வளர்ந்தாலும் ஆணி மேலே ஏறாது, அடித்த இடத்திலேயேதான் இருக்கும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

தடியின் அடியிலிருந்து அந்த ஆணி இருந்த இடம் வரை என் காலை ஒட்டி வைத்துப் பார்த்தேன். என் இடுப்புக்கு வந்தது. மலரைவிட எவ்வளவோ சின்னப் பிள்ளை. நாலைந்து வயது இருக்கலாம். எங்கள் நிலத்தில், நான் தினம் நிழலுக்கு ஒதுங்கிய மரத்தில், ஒரு குழந்தையை முடியோடு சேர்த்து அடித்திருக்கிறார்கள். அது என்ன ஆயிற்று? இருக்கிறதா, செத்துப்போயிற்றா? அப்படியே தடி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மதினி திரும்பி வந்தது அப்போதுதான். திறந்து கிடந்த தடியைப் பார்த்தார், தள்ளி நின்ற மாயாண்டியைப் பார்த்தார். அவனை டீ வாங்கி வர அனுப்பினார். அவன் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அது என் முடி," என்றார்.

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். இத்தனை வருடத்தில் துண்டில்லாமல் நான் பார்த்தது அன்றுதான். உச்சியில் ஒரு ரூபாய் அளவுக்கு முடியே இல்லை. தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது.

"அறுக்குறதுக்குள்ள வலி தாங்காம ஓடப் பாத்தேன். தோலோட வந்துருச்சு. எங்கப்பாதான் ரெண்டு தோளையும் அமுக்கிப் பிடிச்சிருந்தாரு. அழுதுக்கிட்டேதான் பிடிச்சிருந்தாரு."

"அதோட நின்னுருச்சா மதினி?" என்று கேட்டேன். மலரை நினைத்து அந்தப் பதில் எனக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

"நிக்கல. மறைச்சேன். திரும்ப வந்தா திரும்ப ஆணிதான, அந்தப் பயம். வாரதுக்கு முன்னாடி கருகுன வாடை வரும். வந்ததும் கருவைக்குள்ள போயிப் படுத்துக்குவேன். வெளிக்கிப் போனேன்னு நெனைச்சுக்குவீக. சில நேரம் வாடையே இல்லாமயும் வரும். அன்னைக்கி வாகைத்தடியில வந்துச்சுல்ல, அது மாதிரி."

மஞ்சள் பையைத் திறந்து காட்டினார். குங்குமப் பொட்டலத்துக்கு அடியில் மாத்திரை அட்டைகள். வாகைத்தடி சம்பவத்துக்குப் பிறகு பயந்துபோய்ப் பெரியாஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். கோயிலும் ஒரு பத்து நிமிஷம். மாத்திரை தொடங்கிய பிறகு வருவது அநேகமாக நின்றே போயிருந்ததாம்.

ஓடுகிற ரம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி இந்த மனுஷி இத்தனை காலம் நின்றிருக்கிறார். இடையில் இருந்தது என் ஒரு கை. அந்தக் கையை நான் எத்தனை நாள் அலட்சியமாக வைத்திருந்தேனோ.

"எதுக்கு மதினி மெசினுக்கிட்ட வந்தீக? வீட்டுல இருந்திருக்கலாம்ல?"

"வீட்டுல இருந்தா எல்லாரும் என்னையவே பாப்பாக. மெசினுக்கிட்ட நின்னா எல்லாரும் ரம்பத்தத்தான் பாப்பாக. எனக்கு ஒரு ஆளு பாத்தாப் போதும்." பிறகு தடியைக் காட்டி, "கொறட்ட எடுத்து அதப் புடுங்கு. இருந்தா ரம்பம் போயிரும்," என்றார். நான் பிடுங்கினேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தியதும் மதினி அந்த ஆணியை அவர் உள்ளங்கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரை அட்டையையும் காட்டினார். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் நம்பவில்லை.

"பாண்டி அழுகுறாளேன்னு கதை கட்டுற. நீ விழுந்து நான் பாத்திருக்கேனா? ஒரு நாளு? ஒரு தடவ? மாத்திர எல்லாருந்தான் எதுக்காவது திங்கிறாக. அப்பா செஞ்சது தப்புங்கிறியாக்கா?"

மதினி, "நீ பாத்ததில்லைங்கிறது சரிதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மறைத்து மறைத்து வாழ்ந்ததுதான் இப்போது மலருக்கு எதிரான சாட்சியாக நின்றது. அது அவருக்குப் புரிந்திருந்தது. எனக்கு அந்த நேரத்தில் புரியவில்லை.

அன்று இரவும் மறுநாள் இரவும் மதினி படுக்கவே இல்லை. முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். பழைய நினைப்பு வாட்டுகிறது என்று நினைத்தேன். எனக்கு என் பிள்ளை கவலை.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோ வாசலுக்கு வந்துவிட்டது. மலருக்குத் தலைக்குக் குளிப்பாட்டி முடியை விரித்துவிட்டிருந்தார் என் வீட்டுக்காரர். நான் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்து, என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தேன். மதினி எழுந்து வந்தார். தலையில் துண்டு இல்லை. ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இருடா தம்பி, கொஞ்ச நேரம் இரு. எங்கயும் போயிராத," என்றார்.

அப்புறம் அவர் முகம் மாறியது.

அன்றைக்கு வந்தது வாகைத்தடி அன்று வந்தது போல இல்லை. கட்டை விழுவது போல விழுந்தார். கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் ரத்தமும் நுரையும். நின்றது என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி வந்தது, அதற்குப் பின் இன்னொரு முறை. என் வீட்டுக்காரர் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை போல அரற்றினார். அவர் கை அந்த முடியில்லாத உச்சியின் மேல் இருந்தது. கோடாங்கிக்கென்று வந்த ஆட்டோவில் மதினியைப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தோம். மலர் அத்தையின் காலைப் பிடித்தபடியே வந்தாள்.

பெரிய ஊசிகள் போட்டு ஒருவழியாக அடக்கினார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா? தூங்கினாங்களா?" என்று கேட்டார். அவசரத்தில் நான் எடுத்து வந்திருந்த மஞ்சள் பையைத் திறந்தேன். புதன்கிழமை வாங்கிய அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்பதை மலருக்காக நான் அவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வராந்தாவில் நான் நின்ற நிலை யாருக்கும் வர வேண்டாம்.

சாயங்காலம் கண் விழித்தார். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் தரையில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர் கண்ணில் படவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்று கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். குனிந்தேன்.

"பாத்தானா?" என்றார்.

"பாத்துட்டாரு மதினி."

அதற்குப் பிறகுதான் தூங்கினார்.